ஐந்து மடங்கு சேர்த்தும் உயராத உச்சம்: கரைசலில் சூப்பர் ஆக்சைடை மின்முனையால் அளந்த ஒரு நிகழ்வு

பின்னணி

தாவரச் சாறு ஒன்றின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை ஆராய்ந்துவந்த ஒரு குழு எங்கள் மின்வேதியியல் ஆய்வகத்திடம் ஒரு கேள்வியோடு வந்தது. நைட்ரோ புளூ டெட்ரசோலியம் என்ற சாயத்தைக் கொண்டு அவர்கள் செய்த சோதனையில், சாறு சூப்பர் ஆக்சைடில் (ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற ஆக்சிஜன் மூலக்கூறு) ஏறக்குறைய 70 சதவீதத்தை அழிப்பதாகத் தெரிந்திருந்தது. அந்த நிறமாற்றத்தை மட்டும் நம்ப அவர்களுக்கு மனமில்லை. கரைசலில் எத்தனை மைக்ரோமோலார் சூப்பர் ஆக்சைடு இருக்கிறது, சாறு சேர்த்தபின் அது எவ்வளவாகக் குறைகிறது என்று நேரடியாக அளந்து தர முடியுமா என்று கேட்டார்கள்.

அந்த ஐயம் நியாயமானது. சாற்றிலுள்ள ஒடுக்கும் பொருள்கள் சாயத்தைத் தாமே நிறம் மாற்றிவிடக்கூடும். பாதி ஒடுங்கிய சாயமோ ஆக்சிஜனோடு சேர்ந்து புதிதாகச் சூப்பர் ஆக்சைடை உண்டாக்கவும் செய்யும். அளக்க வந்த கருவியே அளக்கப்படும் பொருளைப் பெருக்கும் நிலை அது.

பணியில் ஈடுபட்டவர்கள் மூவர்: ஓர் ஆய்வு மாணவர், வழிகாட்டியாக நான், நொதி வினைகளில் நீண்ட பழக்கமுள்ள மூத்த சக ஆய்வாளர் ஒருவர். ஆறு வாரத்தில் விடை தருவதாக ஒப்புக்கொண்டோம். ஐந்து மாதம் ஆனது.

முறையைத் தேர்ந்தது

எளிய வழி ஒன்று கண்முன் இருந்தது. டைமெத்தில் சல்ஃபாக்சைடு போன்ற, புரோட்டான் தராத கரைப்பானில் ஆக்சிஜனைக் கரைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதியும் சுழற்சி வோல்ட்டாமெட்ரி செய்தால், ஆக்சிஜன் ஓர் எலெக்ட்ரானைப் பெற்றுச் சூப்பர் ஆக்சைடாவதும் திரும்பி ஆக்சிஜனாவதும் இரண்டு அழகான உச்சங்களாகத் தெரியும். சாற்றைச் சேர்க்கச் சேர்க்கத் திரும்பும் உச்சம் சிறுத்தால், அதையே அழிக்கும் திறன் என்று எழுதிவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இதை நாங்கள் ஏற்கவில்லை. சாற்றிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் புரோட்டானைத் தரும். சூப்பர் ஆக்சைடு அந்தப் புரோட்டானை ஏற்றாலே போதும், திரும்பும் உச்சம் மறைந்துவிடும். அது அமில–கார வினை. எலெக்ட்ரானைக் கொடுத்து அழித்ததாகாது. தவிர, கேள்வி நீர்க்கரைசலைப் பற்றியது.

ஆகவே சைட்டோகுரோம் சி என்ற இரும்புப் புரதத்தைப் பிணைத்த தங்க மின்முனையைத் தேர்ந்தோம். சூப்பர் ஆக்சைடு அந்தப் புரதத்திலுள்ள மூவிணைதிற இரும்பை ஒடுக்கும்; மின்முனை அதை உடனே மீண்டும் ஆக்சிஜனேற்றும்; அந்தச் சுழற்சியில் ஓடும் மின்னோட்டமே நமக்கான குறிப்பு. 1969-இல் உயிர்வேதியியலாளர்கள் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும், சூப்பர் ஆக்சைடைச் சிதைக்கும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியை இனங்கண்டபோது கையாண்டதும் இந்தச் சைட்டோகுரோமின் ஒடுக்கத்தைத்தான். நாங்கள் அதைக் குப்பியிலிருந்து எடுத்துத் தங்கத்தின்மேல் ஒட்டினோம், அவ்வளவுதான்.

மின்முனைத் தயாரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கக் கம்பியைத் தூய்மை செய்து, கார்பாக்சில் முனையும் ஹைட்ராக்சில் முனையும் கொண்ட, 11 கார்பன் நீளமுள்ள இரு தயால்களின் (தங்கத்தில் ஒட்டும் கந்தகச் சேர்மங்கள்) கலவையில் ஊறவைத்து, அதன்மேல் சைட்டோகுரோமை ஏற்றிப் பிணைத்தோம். வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராகச் சுழியத்தை ஒட்டி மீள் உச்சங்கள் தெரிந்தன. உச்ச மின்னோட்டம் அலகிடும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் வளர்ந்தது. புரதம் பரப்பில்தான் இருக்கிறது, உயிர்ப்போடு இருக்கிறது என்பதற்கு அது போதும்.

முதல் அளவுதிருத்தம்

மற்ற எந்தப் பொருளுக்கும் செய்வதைத்தான் முதலில் செய்தோம். பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடை, கிரௌன் ஈதர் துணையோடு உலர்ந்த டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து இருப்புக் கரைசல் தயாரித்தோம். (இந்தத் திண்மம் தண்ணீரைக் கண்டால் கடுமையாக வினைபுரியும், ஈரமில்லாத பெட்டிக்குள்தான் எடை போட வேண்டும்.) கலக்கியபடியே பிஎச் 7.5 பாஸ்பேட் தாங்கல் கரைசலில் தெரிந்த அளவுகளைச் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் மின்னோட்ட உச்சத்தைக் குறித்தோம்.

10 மைக்ரோமோலாருக்குரிய அளவைச் செலுத்தியபோது நல்ல உச்சம் கிடைத்தது. 20-க்கு ஏறக்குறைய அதே உயரம். 50-க்கும் அதே உயரம். ஐந்து மடங்கு சேர்த்தும் உச்சம் கண்ணுக்குத் தெரியும்படி உயரவில்லை.

மின்முனை நிரம்பிவிட்டது என்று மாணவர் முடிவு செய்தார். நானும் ஒப்புக்கொண்டேன். புரத அடுக்கு மெல்லியது, அதன் சுழற்சி வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே தோன்றியது. மூன்று வாரம், மூன்று புதிய மின்முனைகள், இரண்டு வகைத் தயால் விகிதங்கள். ஒவ்வொரு முறையும் உச்சம் அதே இடத்தில்தான் நின்றது. வெவ்வேறு அளவு புரதம் ஏறிய மின்முனைகள் ஒரே செறிவில் நிரம்புவது எப்படி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இதற்கிடையில், நொதியால் சூப்பர் ஆக்சைடை உண்டாக்கிய கரைசலில் கிடைத்த மின்னோட்டத்தை இந்த உச்சங்களோடு ஒப்பிட்டு, “ஏறக்குறைய 10 மைக்ரோமோலார்” என்ற இடைக்கால எண்ணை மற்றக் குழுவுக்கு அனுப்பியும்விட்டோம்.

கரும்பலகைக் கணக்கு

மூத்த சக ஆய்வாளர் ஒருநாள் மின்னோட்டப் பதிவைப் பார்த்துவிட்டு உச்சத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஊசியை அழுத்திய நொடியிலிருந்து உச்சம் வர எத்தனை நொடி ஆகிறது என்று மட்டும் கேட்டார். ஏறக்குறைய இரண்டு நொடி. கரைசல் கலந்து மின்முனையை எட்ட ஆகும் நேரம் அது.

அவர் எழுதிய கணக்கு இதுதான். நீரில் இரண்டு சூப்பர் ஆக்சைடு அயனிகள் ஒன்றையொன்று அழித்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாறுகின்றன. இது இரண்டாம் படி வினை, அதாவது வேகம் செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. பிஎச் 7.5-ஐ ஒட்டி, செறிவு குறையும் வேகத்துக்கான மாறிலியை ஒரு மோலாருக்கு ஒரு நொடிக்கு 4 இலட்சம் என்று கொள்ளலாம். அப்படியானால் 10 மைக்ரோமோலார் கரைசல் பாதியாக ஆகும் நேரம் கால் நொடி. இரண்டு நொடி முடிவில் 10 மைக்ரோமோலார் 1.11 ஆகிவிடும். 20 மைக்ரோமோலார் 1.18 ஆகும். 50 மைக்ரோமோலார் 1.22 ஆகும்.

நாங்கள் கண்ட சமதளம் அப்படியே கரும்பலகையில் இருந்தது. மின்முனை நிரம்பவே இல்லை. இரண்டு நொடிக்குப் பிறகு எஞ்சியிருந்ததை அது நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஊற்றினாலும் இரண்டு நொடியில் எஞ்சுவது ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் இரண்டாம் படிச் சிதைவின் இயல்பு. ஊசி முனையருகே செறிவு இன்னும் கூடுதலாக இருக்கும் என்பதால் உண்மை இழப்பு இந்தக் கணக்கைவிட அதிகமே.

விளக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை ஏற்பதா? ஏற்கெனவே ஓர் அழகான விளக்கத்தை நம்பி மூன்று வாரம் போயிருந்தது. எனவே ஒரு சோதனை செய்தோம். சிதைவுக்குப் புரோட்டான் வேண்டும் என்பதால், பிஎச் ஓர் அலகு உயர்ந்தால் சிதைவு ஏறக்குறைய பத்து மடங்கு மெதுவாகும். பிஎச் 9-இல் அதே மூன்று அளவுகளைச் செலுத்தினோம். மூன்று உச்சங்களும் தெளிவாக ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பிரிந்து நின்றன. மின்முனை நிரம்பியிருந்தால் இது நடந்திருக்காது.

அப்படியானால் பிஎச் 9-இலேயே அளவுதிருத்தம் செய்துவிடலாமே என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குச் சற்று மேலேயே சைட்டோகுரோம் சி தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. அங்கே பெறும் மின்னோட்டத்தை 7.5-க்குப் பெயர்க்க முடியாது. காரணத்தைக் கண்டறிய மட்டும் பிஎச் 9-ஐப் பயன்படுத்தினோம்.

அன்றே இடைக்கால எண்ணைத் திரும்பப் பெறுவதாக மற்றக் குழுவுக்கு எழுதினோம். 10 என்று நாங்கள் பெயரிட்ட உச்சம் உண்மையில் 1-ஐ ஒட்டியது.

அளவுதிருத்தத்தைப் புதிதாக அமைத்தது

ஊற்றி அளப்பதைக் கைவிட்டோம். ஹைப்போசாந்தீனும் அதை ஆக்சிஜனேற்றும் சாந்தீன் ஆக்சிடேஸ் நொதியும் சேர்ந்து சூப்பர் ஆக்சைடைத் தொடர்ந்து உண்டாக்கும்; யூரிக் அமிலமும் உடன் விளையும். உண்டாகும் வேகமும் சிதையும் வேகமும் சமமாகும்போது செறிவு ஒரு நிலையில் நிற்கும். மின்னோட்டமும் சமதளமாகும். கலக்கும் நேரம் இங்கே பொருட்டில்லை.

உண்டாகும் வேகத்தைத் தனியே அளந்தோம். வேறொரு குப்பியில் சைட்டோகுரோம் சி-யைத் தாராளமாகக் கரைத்தால், பிறக்கும் சூப்பர் ஆக்சைடு முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். 550 நானோமீட்டரில் உறிஞ்சல் மாற்றத்தை, ஒரு மில்லிமோலாருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு 21 என்ற கெழுவால் வகுத்தால் வேகம் கிடைக்கும். நிமிடத்துக்கு 0.021 உயர்ந்தால் நிமிடத்துக்கு 1 மைக்ரோமோலார். இதிலும் டிஸ்மியூட்டேஸ் சேர்த்தால் நின்றுபோகும் பகுதியை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். யூரிக் அமிலம் உண்டாகும் வேகத்தைச் சூப்பர் ஆக்சைடின் வேகமாகக் கொள்ளக் கூடாது. இந்த நொதி ஆக்சிஜனின் பெரும்பகுதியை நேரடியாகப் பெராக்சைடாகவே மாற்றுகிறது.

நிமிடத்துக்கு 1 மைக்ரோமோலார் உண்டானால், நிலைச் செறிவு ஏறக்குறைய 0.2 மைக்ரோமோலார். உண்டாகும் வேகம் நான்கு மடங்கானால் செறிவு இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே மின்னோட்டத்தை நொதி வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தோம். நேர்கோடு வந்தது.

ஆனால் இரண்டு குறைகளோடு வந்தது. அடிப்புள்ளிகள் கோட்டுக்குக் கீழே தொய்ந்திருந்தன. குறைந்த செறிவில் வேறேதோ ஒன்று சூப்பர் ஆக்சைடை முதற்படி வேகத்தில் (செறிவுக்கு நேர்விகிதத்தில்) தின்கிறது என்பதன் அடையாளம் அது. பாஸ்பேட் உப்பில் வரும் தாமிரமும் இரும்பும்தான் முதல் சந்தேகம். உலோகம் பற்றும் பொருளான இ.டி.டி.ஏ.-வை நாங்கள் சேர்த்திருந்தோம். ஆனால் இரும்போடு பிணைந்த இ.டி.டி.ஏ. சூப்பர் ஆக்சைடோடு வினைபுரியக்கூடியது. அதை விட்டு, அதே வகைப் பொருளான டி.டி.பி.ஏ.-க்கு மாறி, தாங்கல் கரைசலை உலோகம் பற்றும் பிசின் வழியே ஓட்டினோம். தொய்வு பெரும்பாலும் நீங்கியது.

டிஸ்மியூட்டேஸுக்குப் பிறகும் எஞ்சிய மின்னோட்டம்

இரண்டாவது குறை எனக்கு அதிகக் கவலை தந்தது. சமதளத்துக்கு வந்தபின் டிஸ்மியூட்டேஸைச் சேர்த்தால் மின்னோட்டம் அடித்தளத்துக்கு விழ வேண்டும். மூன்றில் இரண்டு பங்குதான் விழுந்தது. எஞ்சிய ஒரு பங்கு மெல்ல ஏறிக்கொண்டும் இருந்தது.

அந்த மெல்லிய ஏற்றமே துப்பு. சூப்பர் ஆக்சைடு ஒரு நிலையில் நிற்கும் பொருள். யூரிக் அமிலமும் பெராக்சைடும் சேர்ந்துகொண்டே போகும் பொருள்கள். ஏறுகிற மின்னோட்டம் சேருகிற பொருளுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

மாணவர் பெராக்சைடைச் சிதைக்கும் நொதியான கேட்டலேஸ் சேர்த்துப் பார்த்தார். மின்னோட்டம் நன்றாக விழுந்தது. பெராக்சைடுதான் காரணம் என்று குறித்துவைத்தார். இங்கே ஒரு நாள் நிறுத்தி யோசித்தது நல்லதாயிற்று. விற்பனையில் கிடைக்கும் கேட்டலேஸில் டிஸ்மியூட்டேஸ் கலந்திருப்பது உண்டு. கரைந்த சைட்டோகுரோம் குப்பியிலும் அதே கேட்டலேஸைச் சேர்த்தோம். 550 நானோமீட்டர் ஏற்றமும் குறைந்தது. எங்கள் குப்பியில் அந்தக் கலப்பு இருந்தது உறுதியானது. அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, யூரிக் அமிலத்தையும் பெராக்சைடையும் தனித்தனியாக, நொதியே இல்லாமல் சேர்த்துப் பார்த்தோம். யூரிக் அமிலம் தெளிவான மின்னோட்டம் தந்தது. பெராக்சைடு மிகச் சிறிதே.

தவறு எங்களுடையது. குறிப்பு பெரிதாக வர வேண்டும் என்று மின்முனையை 250 மில்லிவோல்ட்டில் நிறுத்தியிருந்தோம். தயால் அடுக்கின் ஊறல் நேரத்தையும் ஓர் இரவாகக் குறைத்திருந்தோம். அடுக்கிலுள்ள நுண் இடைவெளிகள் வழியே யூரிக் அமிலம் தங்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊறலை இரண்டு நாளாக்கி, மின்னழுத்தத்தை 130 மில்லிவோல்ட்டுக்கு இறக்கினோம். மின்னோட்டம் சற்றுச் சிறுத்தது; ஆனால் டிஸ்மியூட்டேஸுக்குப் பிறகு எஞ்சியது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

அதன்பிறகு ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் டிஸ்மியூட்டேஸ் சேர்ப்பது விதியாயிற்று. விழுந்த அளவு மட்டுமே சூப்பர் ஆக்சைடின் குறிப்பு. புரதம் சேர்வதாலேயே வரும் மாற்றத்தைக் கழிக்க, அதே எடையளவு ஆல்புமினைச் சேர்த்த ஓட்டமும் உண்டு. கொதிக்கவைத்த டிஸ்மியூட்டேஸை இதற்குப் பயன்படுத்தவில்லை. தாமிர–துத்தநாக வகை நொதி வெப்பத்தை மிகவும் தாங்கும், கொதித்தும் அதில் செயல்திறன் மிஞ்சக்கூடும்.

சாற்றை அளந்தது

நான்காம் மாதத்தில்தான் சாற்றுக்கு வந்தோம்.

சாற்றை மட்டும், நொதி இல்லாமல் சேர்த்தபோதே மின்னோட்டம் ஏறியது. அதிலுள்ள ஒடுக்கும் பொருள்கள் சைட்டோகுரோமுக்கு நேரடியாக எலெக்ட்ரான் தருகின்றன. இதை எதிர்பார்த்திருந்தோம். சாற்றை மேலும் நீர்க்கச் செய்து, அந்த ஏற்றத்தை அடித்தளமாக வைத்துத் தொடர்ந்தோம்.

பிறகு நொதி. சாறு இல்லாத ஓட்டத்தோடு ஒப்பிட்டால், டிஸ்மியூட்டேஸால் விழும் பகுதி 45 சதவீதம் குறைந்திருந்தது. மற்றக் குழு கேட்ட விடை இதுதான் என்று எழுதி அனுப்ப எல்லோருக்கும் ஆசை இருந்தது. மாணவர்தான் தடுத்தார். உண்டாவதே குறைந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சேர்மங்களில் சில சாந்தீன் ஆக்சிடேஸையே தடுக்கக்கூடியவை என்பது அறிந்த செய்தி.

யூரிக் அமிலம் உண்டாகும் வேகத்தை 295 நானோமீட்டரில் அளந்தோம். சாறும் அங்கே ஒளியை உறிஞ்சுவதால் உறிஞ்சலின் மதிப்பை விட்டு, ஏறும் சரிவை மட்டும் எடுத்துக்கொண்டோம். சாற்றோடு அந்த வேகம் 100-க்கு 36 ஆகக் குறைந்திருந்தது. 0.36-இன் வர்க்கமூலம் 0.6. அதாவது சாறு ஒரு சூப்பர் ஆக்சைடு அயனியைக்கூட அழிக்காவிட்டாலும், நொதியைத் தடுத்ததாலேயே மின்னோட்டம் 40 சதவீதம் குறைந்திருக்கும். நாங்கள் கண்ட குறைவு 45.

இதையும் கணக்கோடு விடவில்லை. சாறு இருக்கும் கரைசலில் நொதியைக் கூட்டிக் கூட்டி, யூரிக் அமில வேகத்தைச் சாறில்லாத அளவுக்கே கொண்டுவந்தோம். அந்நிலையில் மின்னோட்டம், சாறில்லாத ஓட்டத்தின் 92 சதவீதத்துக்குத் திரும்பிவிட்டது.

விளைவு

அந்தச் செறிவில் சாறு முதன்மையாகச் சாந்தீன் ஆக்சிடேஸைத் தடுக்கும் பொருள். சூப்பர் ஆக்சைடை அழிக்கும் திறன் இருந்தாலும் எங்கள் முறையின் சிதறலுக்குள் அடங்கும் அளவே என்று எழுதிக் கொடுத்தோம். எஞ்சிய 8 சதவீதத்தை அழிக்கும் திறனாக உரிமை கொண்டாட நாங்கள் உடன்படவில்லை. நாளுக்கு நாள் மின்முனைக்கு மின்முனை காணும் வேறுபாடே அந்த அளவு இருந்தது.

மற்றக் குழுவுக்கு முதலில் இது கசப்பாகவே இருந்தது. அவர்கள் சாயச் சோதனையில் சூப்பர் ஆக்சைடுக்கு மூலமாக வைத்திருந்ததும் இதே நொதிதான் என்பதைச் சுட்டிக்காட்டிய பிறகு, அந்த 70 சதவீதத்தை அவர்களே மறு ஆய்வுக்கு எடுத்தார்கள். தயாராகிக்கொண்டிருந்த கட்டுரையிலிருந்து அந்தப் பகுதியை நீக்கினார்கள். நொதித் தடுப்பைத் தனிக் கேள்வியாகத் தொடர்கிறார்கள்.

இனி மாற்றிச் செய்வது

முதல் நாளே டிஸ்மியூட்டேஸ் ஓட்டத்தைச் செய்வோம். எங்கள் திட்டத்தில் அது கடைசியில் செய்யும் உறுதிப்படுத்தலாக இருந்தது. அது முதலில் இருந்திருந்தால் யூரிக் அமிலச் சிக்கல் இரண்டாம் வாரத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.

அளவுதிருத்தத்துக்கு முன்பே, எதிர்பார்க்கும் செறிவில் அரை ஆயுள் எவ்வளவு, எங்கள் கலக்கும் நேரம் எவ்வளவு என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைப்போம். சாய்ந்தோ சமதளமாகவோ வரும் கோட்டுக்கு மின்முனையைக் குறைசொல்லும் முன், இருவேறு அளவு புரதம் ஏற்றிய மின்முனைகளை ஒப்பிடுவோம்.

முடிவைத் தெரிவிக்கும்போது வெறும் செறிவைத் தருவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். உண்டாகும் வேகம், நிலைச் செறிவு, பிஎச், உலோகம் பற்றும் பொருளின் பெயர், டிஸ்மியூட்டேஸால் விழுந்த பங்கு ஆகிய ஐந்தும் ஒன்றாகப் போகும். 0.2 மைக்ரோமோலார் என்ற எண்ணுக்கு மற்ற நான்கும் இல்லாமல் பொருளில்லை; பிஎச் ஓர் அலகு உயர்ந்தால், அதே நொதி வேகத்தில் அந்த எண் மூன்று மடங்காகிவிடும்.

செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. சாந்தீன் ஆக்சிடேஸ் இல்லாத வேறொரு சூப்பர் ஆக்சைடு மூலத்தைக் கொண்டு அதே சாற்றை அளந்து பார்க்க வேண்டும். மாணவர் அதற்கான கலத்தை இப்போது அமைத்துக்கொண்டிருக்கிறார்.